இரண்டு அவைகளும் ஒரு வாயிலும்

ஓர் அவையிலே பேசப்பட்ட சொல்லை வேறோர் அவைக்கு எடுத்துச் செல்லுதல் எளிய காரியமன்று. சொல் ஒன்றேயாயினும் கேட்போர் வேறு; இடம் வேறு; மரபு வேறு. இவ்வுண்மையை உணர்ந்தே வள்ளுவர் அவையறிதல் என ஓர் அதிகாரமும், அவையஞ்சாமை என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஊர்ச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் மனம்விட்டுப் பேசியதை, மறுநாட் காலையில் சந்தை நடுவே நின்று மற்றொருவர் உரக்கப் படிப்பாராயின், பேசியவர் நாணுவார், கேட்டவர் மயங்குவர், இடையே நின்று படித்தவரோ இருதிறத்தாரின் சினத்துக்கும் ஆளாவார். கணினிகள் ஒன்றோடொன்று பேசக் கற்றுக்கொண்ட காலத்திலும் இவ்விடர் நேர்ந்தது. மடற்குழு என்னும் அவையையும் செய்திக்குழு என்னும் அவையையும் ஒரு வாயிலால் இணைக்க முயன்றோர், ஏறத்தாழ நாற்பதாண்டுகளாகப் பட்ட பாடுகளின் வரலாறு பெரிதும் பேசப்படாதது. ஆயினும் அது கற்பிக்கும் பாடம் சிறியதன்று.

முதலில் மடற்குழு தோன்றிய வகையைக் காணுதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியுடன் 1969 இல் அர்ப்பாநெட் என்னும் வலைப்பின்னல் தொடங்கப்பெற்றது. பல்கலைக் கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இருந்த பெருங் கணினிகளை இணைப்பதே அதன் நோக்கம். 1971 இல் ரே டாம்லின்சன் என்னும் பொறியியலாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் வழியைக் கண்டார். கணினிகளை ஆராய்வதற்கென அமைத்த வலையிலே மனிதர் ஒருவருக்கொருவர் மடல் எழுதுவதே விரைவில் பெருவழக்காயிற்று. ஒரு மடலைப் பலருக்கு ஒருங்கே அனுப்புதற்குப் பெயர்ப்பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளும் வழக்கம் அதனைத் தொடர்ந்தது. 1975 இல் தோன்றிய எம்.எஸ்.ஜி.குரூப் என்பது இவ்வகை மடற்குழுக்களுள் முற்பட்டது. மின்னஞ்சல் எவ்வாறு அமையவேண்டும் என்பதையே அது மின்னஞ்சல் வாயிலாக விவாதித்தது. பின்னர், வலைப்பின்னல்கள் மனித வாழ்வை எவ்வாறு மாற்றும் என ஆராய்ந்த ஹியூமன்-நெட்ஸ், அறிவியற் புனைகதை அன்பர்களுக்குரிய எஸ்.எஃப்.-லவர்ஸ் முதலியன புகழ்பெற்றன.

இவ்வவைகளுக்கு ஒரு தனித்தன்மை இருந்தது. ஒவ்வொன்றிலும் பெயர்ப்பட்டியல் ஒன்று உண்டு. அப்பட்டியலைப் பேணுவார் ஒருவர் உண்டு. யார் உள்ளார், யார் இல்லார் என்பது அவருக்குத் தெரியும். அரசாங்கத்தின் பணத்தில் இயங்கும் வலையிலே புனைகதை பற்றிப் பேசுதல் தகுமோ என்ற அச்சமும் உறுப்பினரிடையே இருந்தது. ஆகவே அவர்கள் பேச்சிலே நெருக்கமும் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. அந்த வலைக்குள் நுழையும் உரிமையோ பாதுகாப்புத் துறையோடு தொடர்புடைய நிலையங்களுக்கே கிடைத்தது. 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அதில் இணைந்திருந்த கணினிகள் 213 மட்டுமே.

அவ்வுரிமை வாய்க்கப்பெறாதவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. வட கரோலினா மாநிலத்திலே, டியூக் பல்கலைக் கழக மாணவராகிய டொம் டிரஸ்கொட், ஜிம் எல்லிஸ் என்போரும், அண்டையிலிருந்த வட கரோலினாப் பல்கலைக் கழக மாணவர் ஸ்டீவ் பெலோவினும் 1979 இன் இறுதியில் ஒரு திட்டம் வகுத்தனர். யூனிக்ஸ் கணினிகள் சாதாரணத் தொலைபேசி வழியே ஒன்றையொன்று அழைத்துக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் வசதி அக்காலத்தில் வந்திருந்தது. அதனைப் பயன்படுத்தி, ஒரு கணினியில் எழுதப்பட்ட செய்தியை அடுத்த கணினிக்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் கைமாற்றிச் செல்லலாம் எனக் கண்டனர். நொடிக்கு 30 எழுத்துகளை மட்டும் கொண்டுசெல்லும் மோடங்கள், கட்டணம் குறைந்த இரவு வேளைகளில் தொலைபேசி அழைப்பு, இவையே மூலதனம். இதுவே யூஸ்நெட். ஏழைகளின் அர்ப்பாநெட் என அதனை அழைத்தவரும் உளர். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு செய்திகளுக்கு மேல் வாரா என்றே அதனை அமைத்தோர் எண்ணினர். ஆனால் 1979 இல் மூன்றாயிருந்த நிலையங்கள் 1981 இல் ஏறத்தாழ 150 ஆகவும், 1987 இல் ஏறத்தாழ 5,000 ஆகவும் பெருகின. நாளொன்றுக்கு ஆயிரம் செய்திகள் வரலாயின.

செய்திக்குழு என்பது மடற்குழு போன்றதன்று. மடல் அவரவர் வீட்டுக்கு வரும். செய்தியோ பொது மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். விரும்பியவர் சென்று படிக்கலாம். படித்தவர் பெயரை எவரும் எழுதி வைப்பதில்லை. பலகையில் இடம் நிறைந்தவுடன் பழைய தாள்கள் கிழித்தெறியப்படும். அவ்வாறே யூஸ்நெட் நிலையங்களும் சில நாட்களோ வாரங்களோ கழிந்ததும் பழைய செய்திகளை அழித்து இடம் தேடின. பட்டியலும் இல்லை, பட்டியலைப் பேணுவாரும் இல்லை. ஓரிடத்தில் ஒட்டிய தாள் மறுநாள் ஆயிரம் பலகைகளில் காணப்படும் என்பதே அதன் பெருமை.

இவ்விரு அவைகளையும் முதன்முதல் இணைத்த பெருமை கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தின் பெர்க்கிலி வளாகத்துக்கு உரியது. பெர்க்கிலி அர்ப்பாநெட்டிலும் இருந்தது; யூஸ்நெட்டிலும் இருந்தது. அங்கே அக்காலத்தில் பட்டப் பின்படிப்பு மாணவராயிருந்த மேரி ஆன் ஹோர்ட்டன், ஹியூமன்-நெட்ஸ், எஸ்.எஃப்.-லவர்ஸ் முதலிய மடற்குழுக்களுக்கு வரும் மடல்களை யூஸ்நெட்டின் செய்திக்குழுக்களாக மாற்றி அனுப்ப ஏற்பாடு செய்தார். அர்ப்பாநெட்டிலிருந்து வருவன என்பதைக் குறிக்க அக்குழுக்களின் பெயர்கள் எஃப்.ஏ. என்ற எழுத்துகளுடன் தொடங்கின. யூஸ்நெட் விரைந்து வளர்ந்தமைக்கு இவ்வாயில் ஒரு முக்கிய காரணம். நுழைவுரிமை இல்லாத நூற்றுக்கணக்கானோர் அறிஞர் அவையின் பேச்சை அன்றன்றே கேட்கத் தொடங்கினர்.

தொடக்கத்தில் வாயில் ஒருபுறமாகவே திறந்தது. அர்ப்பாநெட்டின் பேச்சு யூஸ்நெட்டுக்குக் கேட்டது. யூஸ்நெட்டின் மறுமொழி அர்ப்பாநெட்டுக்குச் செல்லுதல் அரிதாயிருந்தது. கேட்பவர் பேசவும் விரும்புவது மனித இயல்பு. ஆகவே மறுபுறமும் திறக்கவேண்டியதாயிற்று. அப்பொழுதே தொல்லைகளும் உள்ளே நுழைந்தன.

தொல்லைகளைக் கூறுமுன் அவ்வாயிலை மக்கள் விரும்பியதன் காரணத்தையும் கூறவேண்டும். ஒரு நிறுவனத்தில் ஐம்பது பேர் ஒரே மடற்குழுவிற் சேர்ந்துள்ளனர் என்றும், அதற்கு நாள்தோறும் முப்பது மடல்கள் வருகின்றன என்றும் கொண்டால், அந்நிறுவனத்தின் கணினி நாளொன்றுக்கு 1,500 படிகளை வாங்கி வைக்கவேண்டும். அக்குழுவையே செய்திக்குழுவாகப் பிரதிசெய்தால் முப்பது படிகள் போதும். ஐம்பதின்மரும் அவற்றையே படிக்கலாம். கணினியின் நினைவகம் பொன்னினும் அரிதாயிருந்த காலத்தில் இது பெருஞ் சேமிப்பு. ஆகவே பல நிறுவனங்கள் பிறரைக் கேளாமலே தத்தம் இடத்தில் இத்தகைய வாயில்களை அமைத்துக்கொண்டன.

முதலாவது தொல்லை எதிரொலி. யூஸ்நெட்டில் ஒரு செய்தி பல வழிகளில் ஒரு நிலையத்தை வந்தடையும். ஒரே செய்தியை இருமுறை ஏற்காதிருத்தற்காக ஒவ்வொரு செய்திக்கும் உலகில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளக் குறி இடப்பட்டது. ஒவ்வொரு நிலையமும் தான் கண்ட குறிகளைப் பேரேட்டில் எழுதிவைத்து, அதே குறி மீண்டும் வந்தால் அச்செய்தியைத் தள்ளிவிடும். 1983 இல் வெளியான யூஸ்நெட் இலக்கண ஆவணம் இக்குறியைக் கட்டாயமாக்கியது. ஆனால் 1982 இல் வெளியான மின்னஞ்சல் இலக்கணமோ அக்குறியை விருப்பத்துக்கு விட்டது. மடல் ஒன்று குறியின்றி வந்தால் வாயில் என்ன செய்யும்? தானே புதுக்குறி ஒன்றை இடும். ஒரே மடற்குழுவுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு வாயில்கள் இருந்தாலோ, ஒரே மடலுக்கு இரண்டு குறிகள் உண்டாகும். பேரேட்டைப் பார்க்கும் நிலையங்கள் அவற்றை இரு வேறு செய்திகள் என்றே கொள்ளும். உலகெங்கும் படிப்போர் ஒவ்வொரு செய்தியையும் இருமுறை காண்பர்.

இதனினும் கொடியது சுழல். மடற்குழுவிலிருந்து செய்திக்குழுவுக்குச் சென்ற மடல், மற்றொரு வாயில் வழியே மடற்குழுவுக்குத் திரும்பும். அங்கிருந்து மீண்டும் செய்திக்குழுவுக்குச் செல்லும். செக்கைச் சுற்றும் மாடு போல ஒரே மடல் சுற்றிக்கொண்டேயிருக்கும். இராக்காலத்தில் தொடங்கிய சுழலை நிருவாகி காலையில் வந்து கண்டு நிறுத்துமுன் நூற்றுக்கணக்கான படிகள் நாடெங்கும் பரவிவிடும். தானே இயங்கும் நிரல் தன் குரலையே கேட்டு மறுமொழி கூறத் தொடங்கினால் என்ன நேரும் என்பதற்கு 1993 மார்ச் 31 ஆம் நாள் ஒரு சான்று கிடைத்தது. பெயரிலிச் செய்திகளை நீக்கவென ஒருவர் எழுதிய நிரல், பிழையினால் தன் செய்திக்கே தான் மறுமொழி எழுதி, ஏறத்தாழ இருநூறு செய்திகளை ஒரு குழுவிலே கொட்டியது. அது வாயிலால் நேர்ந்ததன்று. எனினும் வாயில் காப்போர் அஞ்சியது அத்தகைய நிகழ்ச்சியையே.

இரண்டாவது தொல்லை திரும்பி வரும் மடல். உறுப்பினர் ஒருவர் ஊர் மாறிவிட்டால் அவருக்குரிய மடல், பெறுவார் இலர் என்ற குறிப்புடன் திரும்பும். விடுமுறையில் இருப்பவரின் கணினி, இன்ன நாள் வரை இவர் இல்லை எனத் தானே விடையனுப்பும். மடற்குழுவில் இவை பட்டியலைப் பேணுவாரிடம் செல்லவேண்டியவை. வாயில் செம்மையாக அமையாவிடத்து இவை செய்திக்குழுவுக்கே சென்றன. அறிவார்ந்த விவாதத்தின் நடுவே, எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் கடற்கரைக்குப் போயுள்ளார் என்ற செய்தியை ஆயிரம் ஊர்களில் உள்ளோர் படிக்க நேர்ந்தது. வாயில் வழியே படித்தவர் எவர், பட்டியலில் உள்ளவர் எவர் என்பது தெரியாமையால், குற்றம் எங்கே என அறிதலும் அரிதாயிற்று.

மூன்றாவது தொல்லை உரையாடலின் இழை அறுதல். செய்திக்குழுவில் மறுமொழி எழுதுவோர், எச்செய்திக்கு மறுமொழி எழுதுகின்றனரோ அதன் அடையாளக் குறியைத் தம் செய்தியில் குறித்தல் விதி. அக்குறிகளைக் கோத்துப் பார்த்தால், வினா யாது, விடை யாது, விடைக்கு மறுப்பு யாது எனத் தெளிவாகும். மின்னஞ்சல் நிரல்களோ அவ்விதியைப் பொருட்படுத்தவில்லை. அன்றியும் சில மடற்குழுக்கள் பல மடல்களைத் தொகுத்து ஒரே பொதியாக அனுப்பின. பொதியைப் படித்து மறுமொழி எழுதுவார் தலைப்பிலே பொதியின் இலக்கமே நிற்கும். எவர் கூற்றுக்கு மறுமொழி என்பது தெரியாது. மாலையிற் கோத்த பூக்கள் நார் அறுந்து தரையிற் சிந்தியது போல உரையாடல் சிதறியது. இருவர் வழக்காடிய செய்தி ஒருபுறமும், அதனைத் தீர்த்து வைத்த மடல் மறுபுறமும் கிடக்க, தீர்ந்த வழக்கையே பிறர் மீண்டும் தொடங்கினர்.

இவை யாவும் பொறிநுட்பத் தொல்லைகள். நான்காவது தொல்லையோ மனிதரைப் பற்றியது, அதுவே ஆழமானது. மடற்குழுவில் எழுதியவர், பட்டியலிலுள்ள சிலநூறு பேர் படிப்பர் என எண்ணியே எழுதினார். வாயில் ஒன்று திறந்திருப்பதை அவர் அறியார். அவருடைய சொல்லும் பெயரும் முகவரியும் முன்பின் அறியாதார் ஆயிரவர் முன் சென்று நின்றன. மறுபுறத்தில், செய்திக்குழுவில் எழுதியவர் பொது மண்டபத்திலே பேசுவதாக எண்ணினார். தம் சொல் ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான வீடுகளின் அஞ்சற்பெட்டியில் வலிந்து நுழைவதை அவர் அறியார். பலகையில் வேண்டாத தாளைக் கடந்து செல்லுதல் எளிது. வீட்டுக்குள் வந்து விழுந்த மடலைக் கடந்து செல்லுதல் எளிதன்று. ஆகவே பலகையிலே பொறுத்துக்கொள்ளப்பட்ட வசைமொழி, மடற்பெட்டியிலே பகையாயிற்று. ஒருபுறத்தார் மறுபுறத்தாரை நாகரிகமற்றவர் என்றனர். மறுபுறத்தார் இவரைச் செருக்கர் என்றனர். இருதிறத்தாரும் தம் அவையின் மரபையே கைக்கொண்டனர். அவை இரண்டென்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு நல்ல தீர்வும் காணப்பட்டது. யூஸ்நெட்டில் நெறியாளர் உள்ள குழுக்கள் என ஒருவகை உண்டு. அவற்றில் எழுதப்படும் செய்தி நேரே பலகைக்குச் செல்லாது, மின்னஞ்சலாக நெறியாளரை அடையும்; அவர் இசைவுக் குறி இட்ட பின்னரே வெளிவரும். மடற்குழுவோடு இணைந்த செய்திக்குழுவையும் இவ்வாறே அமைத்து, நெறியாளர் முகவரிக்கு மடற்குழுவின் முகவரியையே வைத்தால், எவர் எங்கே எழுதினாலும் அது முதலில் மடற்குழுவுக்கே செல்லும்; அங்கிருந்து ஒரே வாயில் வழியே செய்திக்குழுவுக்கு வரும். சொல் நுழையும் வழி ஒன்றேயாதலின் எதிரொலியும் சுழலும் பெரிதும் நீங்கும். 1985 ஓகஸ்டில் பீட்டர் நியூமன் தொடங்கிய ரிஸ்க்ஸ் என்னும் இதழ் நெறியாளர் முறையின் சிறப்புக்குச் சான்று. கணினிகளால் மக்களுக்கு விளையும் ஆபத்துகளை ஆராய்ந்த அவ்விதழ், மடலாகவும் செய்திக்குழுவாகவும் பல பத்தாண்டுகள் சிதையாமல் வெளிவந்தது. அதன் வெற்றிக்குக் காரணம் பொறியன்று. ஒவ்வொரு மடலையும் படித்து, வேண்டுவதைக் கொண்டு, வேண்டாததைத் தள்ளிய ஒரு மனிதரின் உழைப்பே.

ஆயினும் எல்லா அவைகளுக்கும் அத்தகைய காவலர் வாய்க்கவில்லை. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் புதிய மாணவர் பல்கலைக் கழகங்களிற் சேர்ந்து, மரபறியாது யூஸ்நெட்டில் எழுதுவதும், சில வாரங்களில் மரபு கற்று அடங்குவதும் வழக்கம். வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் யாவருக்கும் யூஸ்நெட்டைத் திறந்துவிட்டமையால், 1993 இன் செப்டம்பர் முடிவுறாத செப்டம்பர் எனப் பெயர்பெற்றது. 1994 ஏப்பிரல் 12 ஆம் நாள் அரிசோனா மாநிலத்து வழக்கறிஞர் தம்பதியர் இருவர், குடிவரவு உரிமை பற்றிய தம் விளம்பரத்தை 5,000 க்கு மேற்பட்ட செய்திக்குழுக்களில் ஒரே மூச்சில் ஒட்டினர். பலகையில் ஒட்டப்படும் விளம்பரம், காவலற்ற வாயில் உள்ள இடத்திலெல்லாம் உறுப்பினர் மடற்பெட்டியிலும் விழும். விளம்பரக்காரரோ அதோடும் அமையவில்லை. செய்திக்குழுக்களில் வெளிப்பட்ட மின்னஞ்சல் முகவரிகளை நிரல்கள் கொண்டு திரட்டத் தொடங்கினர். மடற்குழுவின் நெருக்கத்தை நம்பித் தம் முகவரியுடன் எழுதியவர், வாயில் திறந்திருந்தமையால் முன்பின் அறியாத வணிகருக்கு இரையாயினர். இதனைக் கண்ட மடற்குழுக்கள் பல தம் வாயிலை அடைத்தன.

இனி, நினைவு பற்றிய தொல்லை. சில வாரங்களில் அழியும் என்றெண்ணி எழுதிய செய்திகளை 1995 முதல் டெஜா நியூஸ் என்னும் நிறுவனம் சேமித்து, எவரும் தேடிப் படிக்குமாறு வைத்தது. 2001 இல் கூகுள் அத்தொகுதியை வாங்கியது. டொரொன்டோப் பல்கலைக் கழகத்தில் ஹென்றி ஸ்பென்சர் என்பார் 1981 முதல் காந்த நாடாக்களிற் காத்துவைத்த பழஞ்செய்திகளும் அதனோடு சேர, இருபதாண்டுகளின் பேச்சு 70 கோடிச் செய்திகளுக்கு மேற்பட்டதாய் அவ்வாண்டின் இறுதியில் உலகின் முன் விரிந்தது. வரலாற்றாசிரியருக்கு அது புதையல். எழுதியவருக்கோ அது இருமுனைக் கத்தி. இளமையில் அவசரத்தில் எழுதியதும், மடற்குழுவில் எழுதி வாயில் வழியே தப்பிச் சென்றதும் அங்கே கிடந்தன. ஓரவைக்குச் சொன்ன சொல் வேறோர் அவைக்குச் சென்றதோடு நில்லாமல், வேறொரு காலத்துக்கும் சென்றுவிட்டது.

பிரதிசெய்யும் பணியை மிக்க பொறுப்புடன் செய்ய முயன்றவர் நோர்வே நாட்டு லார்ஸ் மாக்னே இங்கபிரிக்ட்சன். செய்திக்குழுக்களைப் படிப்பதற்குரிய க்னூஸ் என்னும் நிரலைப் புதுக்கி எழுதியவர் அவரே. 2002 இல் அவர் ஜிமேன் என்னும் நிலையத்தைத் தொடங்கி, உலகின் ஆயிரக்கணக்கான மடற்குழுக்களைச் செய்திக்குழு வடிவிற் படிக்க வழிசெய்தார். முன்னோர் பட்ட துன்பங்களை அவர் அறிந்திருந்தார். முகவரிகளைத் திருடர் திரட்டாதவாறு அவற்றை உருமாற்றிக் காட்டினார். முதன்முறையாக ஒரு குழுவுக்கு எழுதுவார், தாம் உண்மையில் அம்முகவரிக்கு உரியவரே என மடல் மூலம் உறுதிப்படுத்திய பின்னரே அவர் சொல்லை வாயில் கடக்கவிட்டார். செய்திகள் அழியாமற் காக்கப்பட்டன. மென்பொருள் ஆக்குவோர் பலர், விவாதம் எங்கே நடந்தது எனக் குறிக்க, ஜிமேன் இட்ட வரிசை இலக்கத்தையே தம் ஏடுகளில் எழுதலாயினர். கிட் என்னும் புகழ்பெற்ற மென்பொருளின் மாற்றக் குறிப்புகளிலும் அவ்விலக்கங்களைக் காணலாம்.

நன்மையினூடேயே தீமை ஒளிந்திருந்தது. பதினான்கு ஆண்டுகள் பெரும்பாலும் ஒருவர் தோளிலேயே தங்கியிருந்த அச்சுமை 2016 இல் தாங்கொணாததாயிற்று. தாக்குதல்களாலும் சலிப்பாலும் அவர் விலக எண்ணினார். ஜிமேனின் இணையப் பக்கங்கள் மறைந்தன. அன்றோடு, எண்ணற்ற ஏடுகளில் எழுதப்பட்டிருந்த இணைப்புகள் யாவும் பயனற்றுப் போயின. இலக்கம் இருந்தது, அது சுட்டும் பொருள் இல்லை. செய்திக்குழு வாயில் மட்டும் உயிர்பிழைத்து, 2020 இல் வேறொரு வலைமுகவரிக்குக் குடிபெயர்ந்தது. அஞ்சற்காரர் உறையின்மேல் எழுதிய இலக்கத்தை நம்பி, மடல் எழுதியவர் இட்ட அடையாளத்தை மறந்தமையே இத்தீங்கின் மூலம்.

மடலைக் கைமாற்றி அனுப்புவதில் உள்ள இடர் செய்திக்குழுக்களோடு முடிந்துவிடவில்லை. 2014 ஏப்பிரலில் யாஹூ நிறுவனம், தன் முகவரியைத் தாங்கிவரும் மடல் தன் கணினிகளிலிருந்து வந்ததெனச் சோதனையில் உறுதிப்படாவிடத்து அதனைத் தள்ளிவிடுமாறு உலகுக்கு அறிவித்தது. போலி மடல்களைத் தடுப்பதே நோக்கம். ஆனால் மடற்குழு, உறுப்பினர் மடலை அவர் பெயரிலேயே பிறருக்கு அனுப்புவது. இடையில் அடிக்குறிப்பையோ தலைப்பையோ சேர்ப்பதும் உண்டு. ஆகவே உண்மை மடல்களும் போலியெனத் தள்ளப்பட்டன. தள்ளிய குற்றம் பெறுநர்மேல் ஏற்றப்பட்டு, ஒரு பிழையும் செய்யாத உறுப்பினர்கள் பட்டியல்களிலிருந்து நீக்கப்பட்டனர். மடற்குழு நிரல்கள் பின்னர், எழுதியவர் முகவரியை மறைத்துக் குழுவின் முகவரியையே அனுப்புநர் இடத்தில் எழுதப் பழகின. உரைத்தவர் எவர், ஏந்திச் சென்றவர் எவர் என்னும் பழைய வினா மீண்டும் எழுந்தது.

எனினும் இவ்வரலாறு தோல்வியின் வரலாறு மட்டுமன்று. லினக்ஸ் மென்பொருளை ஆக்குவோரின் மடற்குழுக்களுக்கென 2018 முதல் இயங்கிவரும் லோர் என்னும் காப்பகம், முன்னோர் பிழைகளிலிருந்து கற்ற பாடத்தின்மேல் எழுந்தது. அங்கே மடலை அடைவதற்குரிய பெயர், காப்பகம் இட்ட இலக்கமன்று. எழுதியவர் மடலோடு பிறந்த அடையாளக் குறியே. காப்பகம் அழிந்தாலும் அக்குறி அழியாது. வேறெங்கேனும் அம்மடலின் படி இருப்பின் அக்குறியைக் கொண்டே அதனைக் காணலாம். தொகுதி முழுவதையும் எவரும் படிசெய்து வைத்துக்கொள்ளலாம். செய்திக்குழு வடிவிற் படிக்க விரும்புவோர்க்கும் அங்கே வழியுண்டு. எழுதுவதோ மின்னஞ்சல் வழியாகவே. வாயில் ஒன்று, நுழைவழி ஒன்று, பெயர் ஒன்று, படிகள் பல. நாற்பதாண்டுத் துன்பத்தின் விளைவாக இவ்வளவேனும் கிடைத்தது.

2024 பெப்ரவரி 22 ஆம் நாளோடு கூகுள் நிறுவனம் யூஸ்நெட்டுக்குத் தான் திறந்திருந்த வாயிலை அடைத்தது. பழஞ்செய்திகளைப் படிக்கலாம், புதியன அங்கிருந்து எழுத இயலாது. விளம்பரக் குப்பை பெருகியதும், மெய்யான உரையாடல் அருகியதும் காரணமாகக் கூறப்பட்டன. அவ்வாயில் வழியே வந்த குப்பையால் நெடுநாள் வருந்திய யூஸ்நெட் நிருவாகிகள் பலர் அச்செய்தியை மகிழ்ச்சியுடனேயே வரவேற்றனர். வாயில் திறந்தபோது மகிழ்ந்ததும் அவை. அடைத்தபோது மகிழ்ந்ததும் அவையே.

இதனால் அவைகளை இணைத்தல் தகாதென்பது பொருளன்று. பெர்க்கிலியின் வாயில் திறவாதிருந்தால், உரிமையற்றிருந்த பலர் அறிவுலகின் வெளியே நின்றிருப்பர். ஆயின் சொல்லைக் கொண்டுசெல்வார்க்கு மூன்று கடன்கள் உள என்பதை இவ்வரலாறு தெளிவாக்குகின்றது. சொல்லியவர் பெயரையும் அடையாளத்தையும் மாற்றாது கொண்டுசெல்லுதல் ஒன்று. தம் சொல் எந்த அவைக்குச் செல்கின்றது என்பதைச் சொல்லியவர் அறியச் செய்தல் மற்றொன்று. கொண்டுசெல்பவர் ஓய்ந்த பின்னும் சொல் நிலைத்திருக்க வழிவகுத்தல் மூன்றாவது. தூது சொல்வார்க்குப் பண்டையோர் வகுத்த கடமைகளும் இவற்றினின்று பெரிதும் வேறல்ல. கம்பிகளும் பொறிகளும் புதியன. அவற்றின் வழியே செல்லும் மனிதச் சொல்லின் மானம் பழையது.